கடைக்காணிக்குத் தண்ணீர்

போன கிழமை நேசமலரை நாம் கோபத்தோடு விட்டுவிட்டு வந்தோம். இந்தக் கிழமையும் அவள் அதே கோபத்தோடுதான் அடுப்படியில் இருக்கிறாள். நாலு நாளாகப் புருஷனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. "சோறு போட்டாச்சு", "தேத்தண்ணி ஆறுது" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். சந்தியாப்பிள்ளையும் சுவருக்குச் சொன்னதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போவான்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. முரசுமோட்டைப் பக்கத்துக் குடியேற்றக் காணிகளில் சந்தியாப்பிள்ளையின் வயல் வாய்க்காலின் நடுவில் இருக்கிறது. கடைசிக் காணி அவனுடைய தங்கை றெஜினாவின் புருஷன் யோகநாதனுடையது. றெஜினா கத்தோலிக்க வேதக்காரப் பெண், யோகநாதன் சைவப் பொடியன். இரண்டு பேரும் வீட்டாரைக் கேட்காமல் அரசாங்கக் கச்சேரியில் பதிவுக் கையெழுத்து வைத்துக் கலியாணம் முடித்து ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் அண்ணன் தங்கையோடு கதைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நடந்ததுதான் அதற்கு மேலே வந்த வினை. சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். நாலு நாளுக்கு ஒருக்கால் ஒவ்வொரு காணிக்கும் அரைநாள். செவ்வாய் காலை யோகநாதனின் முறை, மத்தியானத்தில் இருந்து சந்தியாப்பிள்ளையின் முறை. வேதக்கோயிலின் பன்னிரண்டு மணி அடித்ததும் மடை மாறவேண்டும். சைவம், வேதம் என்று பாராமல் அந்த வாய்க்காலில் எல்லாருக்கும் அந்த மணிதான் கணக்கு. அன்றைக்கோ முறை முடிய முன்னமே சந்தியாப்பிள்ளை மடையை மறித்துவிட்டான் என்று யோகநாதன் மண்வெட்டியோடு ஓடிவந்தான். வார்த்தை தடித்தது. நல்லகாலம், அயல்காணிக்காரர் குறுக்கே விழுந்து விலக்கிவிட்டார்கள். "சனிக்கிழமையும் முறை வரும்தானே, அண்டைக்குப் பாப்பம்!" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான் யோகநாதன்.

இன்றைக்குத்தான் அந்தச் சனிக்கிழமை. நாளைக்கு ஞாயிறு, மகள் ஜசிந்தாவின் முதல் நன்மை.

பூசையில் பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும்போது ஒரு பக்கத்தில் தாயும் மறுபக்கத்தில் தகப்பனும் முழந்தாளில் இருந்து சேர்ந்து வாங்குவது அந்தக் கோயிலின் வழக்கம். மனத்தில் பகை வைத்துக்கொண்டு அங்கே போக முடியாது. அதற்கு முன்னம் சுவாமியிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும். மாதத்துக்கு ஒருமுறை வரும் சுவாமி நேற்றே வந்துவிட்டார். பெற்றோர் எல்லாரும் நேற்றே போய் முடித்துவிட்டார்கள். சந்தியாப்பிள்ளை மட்டும் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை.

பயற்றம் பணியாரத்துக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. சந்தியாப்பிள்ளை குசினி வாசலில் வந்து நின்று செம்பில் தண்ணீர் குடித்தான். இன்றைக்குச் சுவரோடு கதைத்துப் பயனில்லை என்று நேசமலருக்குப் பட்டது.

"இஞ்சேருங்கோ, நாளைக்குப் பிள்ளை தகப்பன் இல்லாமல் போய் முழந்தாளில இருக்கிறதோ?"

அவன் செம்பைக் கவிழ்த்து வைத்தான். "நான் என்ன செய்ய?"

"போய்ச் சுவாமியிட்டச் சொல்லுங்கோ. தங்கச்சியில கோவம், அந்தக் கோவத்தில அவளின்ர தண்ணியை மறிச்சனான் எண்டு சொல்லுங்கோ. சொன்னா வாய் வெந்துபோகாது."

"செய்யாத குற்றத்தை எப்பிடியடி சொல்லுறது?"

நாலு நாளில் அவன் சொன்ன நீளமான பேச்சு அதுதான். அவன் எப்போதும் அப்படி. சண்டை வந்தால் வாயை மூடிக்கொள்வான். அந்த மௌனத்தை ஊர் குற்றமாக எடுத்துக்கொள்ளும்.

"விடிய விடியக் காட்டுப்பண்டிக்குக் காவல் இருந்திட்டு வயல் வாடிக்குள்ள படுத்தனான். மணிச் சத்தத்திலதான் எழும்பினனான். வானம் மூட்டமாக் கிடந்தது, வெயிலைப் பாத்து நேரம் சொல்ல வழியில்லை. மணி அடிச்சது, மறிச்சன். அவன் வந்து, எதிர்க்காத்தில மணி ஒண்டும் கேக்கேல்லை, இப்பதான் பத்தரை எண்டு கைமணிக்கூட்டைக் காட்டுறான். மணிக்கூடு கட்டினவனுக்குத்தான் நேரம் தெரியும், எனக்குத் தெரியாதோ?"

"மணி அடிச்சதோ? செவ்வாய்க்கிழமையோ?"

"பின்ன? மூண்டு மூண்டா அடிச்சு, பேந்து நீட்டி. கோயில் மணி கேட்டா எனக்குத் தெரியாதே?"

அவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். நேசமலரின் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது. சட்டியில் பணியாரம் கறுத்துப்போனது.

கோயிலில் மணி அடிக்கும் சூசையப்பு செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாணம் போயிருந்தார். முதல் நன்மைப் பிள்ளைகளைப் பழக்குகிறவள் நேசமலர்தானே, அவளிடமே மத்தியான மணியையும் ஒப்படைத்துவிட்டுப் போனார். அன்றைக்குப் பிள்ளைகளைப் பழக்குவது பத்தரைக்கே முடிந்துவிட்டது. வீட்டில் உலை வைக்கவில்லை, ஜசிந்தாவின் வெள்ளைச் சட்டைக்குக் கை தைக்கவில்லை. திரும்ப இரண்டு கட்டை தூரம் நடந்து வந்து ஒரு மணி அடித்துவிட்டுப் போவதா? ஒன்றரை மணித்தியாலம் முந்தி மணி அடித்துச் சொன்ன மத்தியானச் செபத்தை மாதா வேண்டாம் என்றா சொல்லப்போகிறா என்று நினைத்து, அடித்துவிட்டு வந்தாள்.

மாதாவைப் பற்றி நினைத்தவளுக்கு மடையைப் பற்றி நினைப்பே வரவில்லை. தண்ணீர்முறை ஆம்பிளைகளின் சங்கதி என்று ஒருநாளும் அதில் மனம் வைக்காதவள் அவள்.

இதை ஓடிப்போய் அவனிடம் சொல்லியிருக்கலாம். வாசல்மட்டும் போனாள், திரும்பி வந்தாள். நாலு நாள் குற்றவாளிக்குப் போடுவதுபோலச் சோறு போட்டுவிட்டு, இப்போது எந்த முகத்தோடு சொல்வது? உண்மையைச் சொன்னால், அவளுக்குத் தன் பிழையைவிடத் தன் வெட்கம்தான் அந்த நேரத்தில் பெரிதாக இருந்தது.

ஜசிந்தாவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். ஓலைக் கொட்டிலில் ஒன்பது பிள்ளைகளும் வரிசையாக இருக்க, சுவாமி ஞானோபதேசப் பாடத்தில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் இளந்தாரி, குருப்பட்டம் பெற்று இரண்டு வருடம்கூட ஆகவில்லை. படித்ததை எல்லாம் யாருக்காவது சொல்லிவிடவேண்டும் என்ற அவதி அவருக்கு எப்போதும் உண்டு.

"நாளைக்கு நீங்கள் வாங்கப்போற நன்மைக்கு லத்தீனில என்ன பேர்? ரீச்சர் சொல்லித் தந்தவவோ?"

"கொம்மூனியோ!" என்று பிள்ளைகள் கத்தின.

"கெட்டிக்காரர். என்ன கருத்து?"

பிள்ளைகள் நேசமலரைப் பார்த்தன. அவள் எழும்பி நின்றாள். "ஒண்டாச் சேருறது எண்டு சொல்லிக் குடுத்தனான், சுவாமி."

"நானும் அப்பிடித்தான் ரீச்சர் நினைச்சுக்கொண்டு இருந்தனான். லத்தீன் படிப்பிச்ச சுவாமிதான் என்ர தலையில குட்டினவர்." அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது, இனி நிறுத்த ஏலாது. "கொம் எண்டால் சேர்ந்து. மற்றப் பாதி மூனுஸ் எண்ட சொல்லில இருந்து வந்தது. மூனுஸ் எண்டால் ஒரு ஆளின்ர தலையில இருக்கிற கடமை, ஊருக்குச் செய்யவேண்டிய வேலை. குடுக்கிற கொடைக்கும் அதே சொல்தான். அந்தக் காலத்து றோமாபுரியில ஒரே கடமையைச் சேர்ந்து சுமக்கிற ஆக்களுக்குத்தான் அந்தப் பேர். கோயிலுக்கு வர முன்னம் அது ஊர்ச் சொல்லுத்தான். பகிர்ந்து சாப்பிடுறது எண்டு மட்டும் நினையாதேங்கோ. முதல் பகிர்ந்து சுமக்கிறது. பேந்துதான் சாப்பாடு."

பிள்ளைகளுக்கு விளங்கவில்லை என்பது அவருக்கும் விளங்கியது. "சரி, உங்கட ஊரில எல்லாரும் சேர்ந்து சுமக்கிற வேலை ஒண்டு சொல்லுங்கோ பாப்பம்."

ஜசிந்தாதான் கை உயர்த்தினாள். "வாய்க்கால் துப்புரவாக்கிறது, சுவாமி. தண்ணி திறக்க முன்னம் எல்லாரும் தங்கட தங்கட துண்டை வெட்டவேணும். என்ர அப்பா இருபது பாக நீளம் வெட்டினவர்."

"அப்பிடிச் சொல்லு! அதுதான் மூனுஸ். ஒரு ஆள் தன்ர துண்டை வெட்டாமல் விட்டால் என்ன நடக்கும்?"

"கடைசிக் காணிக்குத் தண்ணி போகாது." பிள்ளை கொஞ்சம் யோசித்தது. "றெஜினா மாமியின்ர காணிக்கு."

கொட்டிலுக்குள் இருந்த தாய்மார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நேசமலர் தலையைக் குனிந்தாள். ஊர் தன் புருஷனை நினைத்துப் பார்க்கிறது, வெட்டாமல் விட்ட துண்டு தன்னுடையது என்று அவளுக்கு மட்டும் தெரியும். 

பிள்ளைகள் கலைந்ததும் சுவாமியைக் கேட்டுப் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் திரைக்கு முன்னால் முழந்தாளிட்டாள். நேற்றுச் சொல்லிய பாவங்களுக்கு மேலே இது ஒன்று மிச்சம் என்று தொடங்கி, மணி அடித்ததில் இருந்து பணியாரம் கருகியது வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

திரைக்கு அந்தப் பக்கத்தில் சுவாமி சிரிப்பை அடக்குகிறாரோ என்றுகூட அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"தெரியாமல் செய்தது பிழை, பாவம் இல்லை. தெரிஞ்ச பிறகு சொல்லாமல் இருந்தால்தான் பாவம். போய் அந்த ரெண்டு வீட்டுக்கும் சொல்லிப்போடுங்கோ."

"பத்துச் செபமாலை சொல்லுறன் சுவாமி. காணாதோ?"

"செபமாலை மாதாவுக்கு. தண்ணி, வயல் காய்ஞ்சு கிடக்கிறவைக்கு. இண்டைக்கு அவையின்ர முறை முடிய முன்னம் போங்கோ."

பதினொரு மணி தாண்டிவிட்டது. மகளைச் சூசையப்பின் பெண்சாதியிடம் விட்டுவிட்டு வாய்க்கால் வரம்பால் நடந்தாள். சோளகக் காற்று சீலையைப் பிடித்து இழுத்தது. மத்தியான மணி அடித்ததும் இரண்டு மண்வெட்டியும் அந்த மடையில் சந்திக்கும். அதற்கு முன்னம் போய்விடவேண்டும் என்று நடந்தவள் பாதி வழியில் ஓடத் தொடங்கிவிட்டாள்.

கடைக்காணியைக் கண்டதும் கால் தயங்கியது. மேல் பாத்திகள் நனைந்து கறுப்பாகக் கிடந்தன. கீழே நாலு பாத்தி வெடித்துப்போயிருந்தது. பயிர் நுனி மஞ்சள் பூத்திருந்தது. காலையில் விட்ட தண்ணீரை எல்லாம் மேல் பாத்திகளிலேயே காய்ந்த மண் குடித்துவிட்டது.

றெஜினா வரம்பில் நின்றாள். மெலிந்திருந்தாள். யோகநாதன் மடையடியில் மண்வெட்டியைக் குத்திப் பிடித்தபடி கைமணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னக்கா, அவர் அனுப்பினவரோ?" என்றான். குரலில் சூடு. "இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கு. முந்தி வந்து மறிக்கச் சொல்லுங்கோ பாப்பம்."

"அவர் அனுப்பேல்லைத் தம்பி. செவ்வாய்க்கிழமை உங்கட தண்ணியை மறிச்சது நான்."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் சொன்னாள். இடையில் நிறுத்தினால் அழுகை வந்துவிடும் என்று நிறுத்தாமல் சொன்னாள். தைக்காத சட்டைக் கையைக்கூட விடவில்லை.

யோகநாதன் கைமணிக்கூட்டைக் கழற்றிக் காதில் வைத்துக் கேட்டான். அவன் முகம் கோணியது. அழப்போகிறானோ என்று நேசமலர் பயந்தாள். அவன் சிரித்தான்.

"அப்ப இது பிழையில்லை! எடியே றெஜினா, கேட்டனியே? இது சரியான நேரம்தான் ஓடியிருக்கு!"

"என்ன தம்பி?"

றெஜினாவுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. "வெளியில சண்டை பிடிச்சாலும், வீட்டில வந்து மணிக்கூடு பிழைச்சிட்டுதோ எண்டு ராவிரவா யோசினை மச்சாள். அண்ணை களவெடுக்கிற ஆளில்லை எண்டு நான் சொல்லச் சொல்ல, அப்ப என்ர மணிக்கூடுதான் களவெடுத்ததோ எண்டு கேட்டவர். புதன்கிழமை கிளிநொச்சிக்குக் கொண்டுபோய்த் திருத்திறவனிட்டக் குடுத்தவர். அவன் திறந்து பாத்திட்டு, உனக்குத்தான் விசர் எண்டு திருப்பிக் குடுத்தவன்."

சிரித்துக்கொண்டே வந்து மச்சாளின் தோளில் முகத்தை வைத்தாள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. ஏழு மாதத்துக்குப் பிறகு தொட்ட தோள். நேசமலருக்குக் காலையில் நெஞ்சில் ஏறிய கல் அப்போதுதான் இறங்கியது. ஆனால் அவள் மனத்தில் ஒரு சொல் மட்டும் குத்திக்கொண்டே நின்றது. அண்ணை களவெடுக்கிற ஆளில்லை என்று கதைபேச்சு இல்லாத தங்கைக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே பாயில் படுக்கிற தனக்குத் தெரியவில்லையே.

கோயில் மணி அடித்தது. மூன்று மூன்றாக அடித்து, பிறகு நீட்டி.

சந்தியாப்பிள்ளை வாய்க்கால் வளைவில் தெரிந்தான். மண்வெட்டி தோளில். எதற்கும் ஆயத்தமாக வந்தவன், மடையடியில் தன் பெண்சாதியும் தங்கையும் கைகோத்து நிற்பதையும் யோகநாதன் பல்லைக் காட்டுவதையும் கண்டு அப்படியே நின்றுவிட்டான். சண்டைக்கு வந்த மனுசனுக்குச் சிரிப்பை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதுதானே.

நேசமலர் அவனுக்கும் சொன்னாள். 

அவன் கேட்டு முடித்தான். மண்வெட்டியை இறக்கி வைத்தான். "மணி அடிச்சது பெரிய காரியமில்லை. ஆருக்கும் வரும். நாலு நாளா நீயும் என்னைக் கள்ளன் எண்டே நினைச்சனி?"

"ஓம்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கலாம். கேக்காமல் விட்டது என்ர பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ." நாலு பேருக்கு முன்னால் புருஷனிடம் மன்னிப்புக் கேட்பாள் என்று நேசமலரைப் பற்றி யாராவது ஒரு கிழமைக்கு முன்னம் சொல்லியிருந்தால் அவளே சிரித்திருப்பாள்.

அவன் கீழ்ப் பாத்திகளைப் போய்ப் பார்த்தான். குனிந்து வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தான். பிறகு திரும்பி, ஏழு மாதத்தில் முதன்முறையாகக் கோபமில்லாமல் மச்சானின் முகத்தைப் பார்த்தான்.

"மடையை மறிக்காதை. உன்ர காணிக்கே விடு."

"உங்கட முறை எல்லோ? ஒண்டரை மணித்தியாலம் தந்தால் காணும்," என்றான் யோகநாதன், மணிக்கூட்டைத் திருப்பிப் பார்த்தபடி.

"அதைக் கழட்டிப் பொக்கற்றுக்குள்ள போடு. கடைசிப் பாத்தி நனையுமட்டும் விடு. மிச்சம் வந்தால் எனக்கு, வராட்டிப் பாப்பம்."

ஆம்பிளைகள் இரண்டு பேரும் வேலையில் இறங்கினார்கள். ஒருவன் வரம்பை வெட்டினான், மற்றவன் மண்ணை இழுத்தான். தண்ணீர் வெடிப்புகளுக்குள் இறங்குகிற சத்தம் கேட்டது. றெஜினா வாடிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள். அண்ணன் மறுக்காமல் வாங்கிக் குடித்தான்.

பின்னேரம் அவன் குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனான். திரும்பி வந்தபோது பொழுது பட்டு மைமலாகியிருந்தது. நேசமலர் இரண்டாம் தரம் சுட்ட பணியாரத்தைத் தட்டில் வைத்தாள். அவன் ஒன்றைக் கடித்துக்கொண்டே சேட்டுப் பொக்கற்றில் இருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்துக் காட்டினான்.

"சுவாமி தந்தவர். யோகநாதன் இதில கையெழுத்து வைச்சால் அவையின்ர கலியாணத்தைக் கோயிலில ஆசீர்வதிக்க ஆயர் ஆண்டவரிட்ட உத்தரவு கேக்கலாமாம். பேந்து றெஜினாவும் நன்மை வாங்கலாம். பிறக்கிற பிள்ளையளுக்கு ஞானஸ்நானம் குடுக்கிறன் எண்டு அவன் வாக்குக் குடுக்கவேணும்."

நேசமலருக்குச் சந்தோசம் பொங்கியது. "பின்ன என்ன, இப்பவே கொண்டுபோய்க் குடுங்கோவன். அவனும் நல்ல மனமா இருக்கிற நேரம்."

"அதுக்குத்தான் குடுக்கேல்லை." அவன் கடதாசியைப் பழையபடி மடித்தான். "தண்ணியையும் கடதாசியையும் ஒரே நாளில குடுத்தால், இதுக்கு அது விலை எண்டு நினைப்பான். நான் தண்ணி விட்டது அவன்ர பயிருக்கு. அவ்வளவுதான்."

அவள், இந்த மனுசனையா கள்ளன் என்று நினைத்தோம் என்று அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேலிப் படலையில் சைக்கிள் வந்து நின்றது. யோகநாதன் ஓட்டிவர றெஜினா பின்னால் இருந்து இறங்கினாள். சந்தியாப்பிள்ளை அவசரமாகக் கடதாசியைப் பொக்கற்றுக்குள் வைத்தான்.

"நாலு பாத்தியும் நனைஞ்சிட்டுது," என்றான் யோகநாதன், முற்றத்தில் நின்றபடி. ஏழு மாதமாக மிதியாத முற்றம். "நாளைக்குப் பிள்ளையின்ர நன்மைக்கு... நாங்களும் வரலாமோ?"

"இதென்ன கேள்வி? வா. கோயிலில முன்வரிசை வாங்கில வந்து இருங்கோ."

ஜசிந்தா ஓடிவந்து மாமியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "மாமி, நீங்களும் எனக்குப் பக்கத்தில வந்து முழந்தாளில இருப்பியளோ?"

றெஜினா குனிந்து பிள்ளையின் தலையைத் தடவினாள். பிறகு அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். "வருவன் அண்ணை. ஆனா எல்லாரும் நன்மைக்கு எழும்பிப் போகேக்க, நான் வாங்கிலதான் இருக்கவேணும். அது உங்களுக்கு வெட்கமெண்டால் பின்னுக்கு நிக்கிறன்."

சந்தியாப்பிள்ளையின் கை பொக்கற்றுக்குப் போனது. நேசமலர் அந்தக் கையையே பார்த்தாள். கை அங்கே கொஞ்சநேரம் நின்றது. பிறகு வெறுங்கையாகத் திரும்பி வந்து தங்கையின் தோளில் இருந்தது.

"தெரியும்," என்றான். "நீ முன் வாங்கிலேயே இரு."